மணல் கரையை ஆராய ட்ரோன் போதுமா, செயற்கைக்கோள் போதுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

கரைவழி:
வணக்கம். முதுகலை நிலவியல் படிக்கிறேன். ஆய்வுக்கு ஒரு மணல் கடற்கரையை எடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் ஆற்று முகத்துவாரம், மறுபக்கம் கல் கொட்டிய அலைத்தடுப்பு, நடுவே சில கிலோமீட்டர் மணல். கரை அரிக்கிறதா, வளர்கிறதா, ஏன் என்பதுதான் கேள்வி. துறையில் ட்ரோன் இருக்கிறது, சென்டிமீட்டர் அளவு துல்லியமாக இடம் காட்டும் ஆர்டிகே ஜிபிஎஸ் கேட்டால் தருவார்கள். செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. படகும் சோனாரும் கிடைக்குமா என்பது உறுதியில்லை. நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார். படிக்கப் படிக்கக் கருவிகளின் பட்டியல்தான் நீள்கிறது. எதை முதலில் செய்வது என்று பிடிபடவில்லை. களத்தில் வேலை செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பெஞ்ச்மார்க்:
முதல் வேலை கருவி எடுப்பது இல்லை தம்பி. எந்த மட்டத்திலிருந்து அளக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்வது.

ஜிபிஎஸ் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. பூமிக்குப் பொருத்திய ஒரு கணித வடிவத்தின், அதாவது எலிப்சாய்டின் பரப்பிலிருந்து அளந்தது. உண்மையான கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு அந்த வடிவத்தோடு ஒத்துப்போகாது. சில இடங்களில் 80 மீட்டருக்கு மேல் உயர்ந்தும், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்தும் இருக்கிறது. அந்தப் பகுதியில் அலை காலைத் தொடும் இடத்தில் நின்றாலும் கருவி மைனஸ் தொண்ணூறு, நூறு மீட்டர் என்று காட்டும். கருவி கெட்டுவிடவில்லை, அது வேறொரு பரப்பிலிருந்து அளக்கிறது, அவ்வளவுதான்.

ட்ரோன் ஒரு டேட்டத்தில், அதாவது ஓர் அடிப்படை மட்டத்தில், கடல் வரைபடம் இன்னொன்றில், ஓதத்தை (கடல் ஏறி இறங்குவதை) அளக்கும் ஓதமானி மூன்றாவதில் என்று இருந்தால் மூன்றையும் ஒன்றாகப் போட முடியாது. பெரும்பாலான நாடுகளில் கடல் வரைபடத்தின் ஆழங்கள் மிகத் தாழ்ந்த வற்று நீரை ஒட்டி எடுக்கப்படுகின்றன, நில வரைபடத்தின் உயரங்களோ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. ஓத வீச்சு பெரிதாக இருக்கும் இடத்தில் இவற்றுக்கு நடுவே சில மீட்டர் வித்தியாசம் வரும். உங்கள் கரை ஆண்டுக்கு அரை மீட்டர் தாழ்கிறது என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், அந்த அரை மீட்டர் டேட்டத்துக்குள்ளேயே தொலைந்துபோகும்.

அலை எட்டாத, அசையாத ஒரு கான்கிரீட் தளத்தில் உங்கள் சொந்தப் பெஞ்ச்மார்க்கை, அதாவது உயரம் தெரிந்த நிலையான குறியை, வையுங்கள். அதை அதிகாரபூர்வக் குறியீட்டோடு இணையுங்கள். அப்புறம் மற்றதெல்லாம்.

வான்பார்வை:
பெஞ்ச்மார்க் சொன்னது சரிதான். ஆனால் இவர் இன்று அளக்கத் தொடங்கினால் இன்றிலிருந்துதான் தரவு இருக்கும். கரையின் கடந்த நாற்பது ஆண்டு ஏற்கெனவே படமாக இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்?

லாண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை 1972-இல் தொடங்கியது. 30 மீட்டர் பிக்சல் உள்ள படங்கள் 1980-களிலிருந்து இருக்கின்றன. 2008-இல் அந்தச் சேகரிப்பு முழுவதும் இலவசமானது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் வந்தபின் 10 மீட்டர் பிக்சலில், சில நாட்களுக்கு ஒருமுறை படம் கிடைக்கிறது. நீருக்கும் மணலுக்கும் உள்ள நிறமாலை வேறுபாட்டை வைத்து நீர்க்கோட்டைப் பிக்சலுக்கும் உள்ளே நுணுக்கமாகப் பிரித்தெடுக்கும் திறந்த மென்பொருள்கள் உள்ளன. கோஸ்ட்சாட் அவற்றில் ஒன்று. ஓதத் திருத்தம் செய்தால் மணல் கரைகளில் பிழை ஏறக்குறைய 10 மீட்டர் அளவில் நிற்கும். ஒரு படத்துக்கு அது அதிகமாகத் தெரியலாம். நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்து நீண்டகாலப் போக்கைப் பார்க்கும்போது நம்பகமாகிவிடும்.

2018-இல் உலகின் எல்லா மணல் கரைகளையும் இதே வழியில் பார்த்தார்கள். 24 விழுக்காடு ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் அரிக்கின்றன, 28 விழுக்காடு வளர்கின்றன, மீதி ஏறக்குறைய நிலையாக உள்ளன என்று வந்தது. களத்தில் இறங்கி இதை யாரால் எடுக்க முடியும்?

வண்டல்மண்:
உலகத்துக்கு அது போதும். ஒரு கரைக்குப் போதாது.

படத்தில் தெரிவது அந்த நொடியில் நீர் நின்ற கோடு. மணல் எங்கே இருக்கிறது என்பது அதில் இல்லை. கரையின் சரிவு ஐம்பதுக்கு ஒன்று என்றால், ஓதம் ஒரு மீட்டர் ஏறினால் நீர்க்கோடு ஐம்பது மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு துளி மணல் அசைந்திருக்காது. அதோடு அலை ஏறும் உயரம், காற்று தள்ளும் நீர் எல்லாம் சேரும். வான்பார்வை சொல்லும் ஓதத் திருத்தத்துக்கே கரையின் சரிவு தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சரிவு கோடையில் ஒன்று, புயலுக்குப் பின் வேறொன்று. அதை யார் அளப்பது?

இன்னொன்று. புயலில் கரை இருபது மீட்டர் பின்வாங்கினால் மணல் போய்விட்டது என்று நினைக்கிறோம். பல முறை அது எங்கும் போகவில்லை. அலை உடையும் இடத்துக்கு அருகே நீருக்கடியில் மணல்திட்டாகக் கிடக்கிறது. அமைதியான மாதங்களில் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. அலைத்தடுப்பு தடுத்து வைத்த மணலோ, முகத்துவாரத்தில் அள்ளப்பட்ட மணலோ திரும்பி வராது. இரண்டும் வானத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். கரைவழி ஏன் என்று கேட்கிறார். அந்த ஏனுக்குப் பதில் மணலின் கன அளவில் இருக்கிறது, கோட்டில் இல்லை.

ஆஸ்திரேலியாவின் நாரபீன் கரையில் 1976 முதல் மாதந்தோறும் குறுக்குவெட்டு, அதாவது மேட்டிலிருந்து நீர்வரை ஒரே கோட்டில் மணலின் உயரம், அளந்து வருகிறார்கள். தொடக்கத்தில் எமெரி முறைதான்: அளவு குறித்த இரண்டு குச்சிகள், தூரத்தில் தொடுவானம். அதே கோட்டில் மாதம் தவறாமல் அளந்ததால்தான் எல் நினோ, லா நினா மாறும்போது அலையின் திசை மாறி, அந்தக் கரை ஒரு முனையில் தேய்ந்து மறுமுனையில் தடிப்பது தெரியவந்தது. இன்று செயற்கைக்கோள் முறைகளைச் சரிபார்க்க உலகின் பல குழுக்கள் அந்தத் தரவை எடுத்துக்கொள்கின்றன.

வான்பார்வை:
சரிவைக் களத்தில் அளக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே அளப்பது என்பதைப் படம்தான் சொல்லும். நாற்பது ஆண்டுப் போக்கை முதலில் வரைந்தால், அலைத்தடுப்பு கட்டிய ஆண்டில் கோடு முறிவது தெரியும். அதற்கு எந்தப் பக்கம் வளர்ந்தது, எந்தப் பக்கம் தேய்ந்தது என்று பார்த்தாலே மணல் நகரும் முதன்மைத் திசை கிடைத்துவிடும். அதன் பிறகு குறுக்குவெட்டுகளை நெருக்கமாகப் போட வேண்டிய இடத்தில் போடலாம்.

கரைவழி:
இருவருக்கும் நன்றி. ட்ரோனில் மணலின் கன அளவை எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். நீருக்கடியில் உள்ள திட்டை எப்படி அளப்பது?

பெஞ்ச்மார்க்:
ட்ரோனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். படங்கள் எண்பது விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுங்கள், வற்றம் இருக்கும் நேரத்தில் பறக்கவிடுங்கள். ஈர மணலில் ஆபத்து உண்டு. பளபளப்பாக, ஒரே நிறமாக இருப்பதால் மென்பொருளுக்குப் பொருத்திப் பார்க்கப் புள்ளிகள் கிடைக்காது, உயரத்தை அதுவே இட்டுக்கட்டும். நேர்கோட்டில் மட்டும் பறந்தால் முழு மாதிரியும் நடுவில் மெல்ல உப்பிக்கொள்ளும். கரை நீளமாக, ஒடுங்கலாக இருப்பதால் இது இன்னும் மோசம். சாய்வான கோணத்திலும் சில படங்கள் எடுங்கள். நிலக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது ஜிபிஎஸ்ஸால் இடம் அளந்த அடையாளங்களை, நீர் ஓரம்வரை வையுங்கள். சில புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, பிழை பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஆர்டிகே ட்ரோன் என்றாலும் இதை விடாதீர்கள்.

ஆழமானி:
நீருக்கடியில் என் வேலை. நீங்கள் கேட்கும் இடம்தான் உலகிலேயே அளக்கக் கடினமான இடம். அலை உடையும் பகுதிக்குள் கப்பல் வர முடியாது, கலங்கிய நுரையில் ட்ரோனுக்குத் தெரியாது. ஆழ்கடலுக்கு நல்ல வரைபடம் இருக்கும், கரைக்கும் இருக்கும், நடுவே சில நூறு மீட்டர் வெற்றிடமாக நிற்கும். மணல் நடமாடுவதோ அங்கேதான்.

மல்டிபீம் எக்கோசவுண்டர் விசிறி போல நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை அனுப்புகிறது. ஒரு ஓட்டத்தில் ஆழத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு அகலத்தை வாரிக்கொள்ளும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அது அருமை. ஐந்து மீட்டர் ஆழத்தில் பதினைந்து இருபது மீட்டர் பட்டைதான் வரும். அதனால் ஆழமற்ற கடலில் மல்டிபீம் ஓட்டுவது மெதுவான, செலவு பிடிக்கும் வேலை. உங்கள் ஆய்வுக்கு ஒற்றைக் கற்றை எக்கோசவுண்டரும் ஆர்டிகே ஜிபிஎஸ்ஸும் பொருத்திய சின்னப் படகு போதும். சில குழுக்கள் ஜெட்ஸ்கியில் பொருத்தி அலை உடையும் இடத்துக்குள்ளேயே போகின்றன. நெதர்லாந்தில் 2011-இல் இரண்டு கோடி கன மீட்டருக்கு மேல் மணலைக் கொட்டி, அலையும் காற்றும் அதைக் கரையோரம் பரப்பட்டும் என்று விட்டார்களே, அந்த மணல் எந்திரத் திட்டத்தைக்கூட ஜெட்ஸ்கியில்தான் திரும்பத் திரும்ப அளந்தார்கள்.

ஒலியின் வேகத்தை மறக்காதீர்கள். கடல்நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர். வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றும் அதை மாற்றும். உங்கள் இடம் ஆற்று முகம். மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்று அடுக்காக நிற்கும், ஓதத்தோடு அந்த அடுக்கும் மாறும். காலையில் எடுத்த ஒலிவேகத்தை மாலையில் போட்டால் மல்டிபீமின் ஓரக் கற்றைகள் வளைந்து, தட்டையான தரை கிண்ணம்போலவோ கவிழ்த்த கிண்ணம்போலவோ வரும். அதை மணல்திட்டு என்று எழுதிவிடக் கூடாது.

வான்பார்வை:
படகு கிடைக்காவிட்டால்? சென்டினல்-2 படத்தின் நீல, பச்சைப் பட்டைகளின் விகிதத்திலிருந்து ஆழம் கணக்கிடலாம். ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் 2018-இலிருந்து பச்சை லேசரால் ஒவ்வொரு ஒளித்துகளாக எண்ணி அளக்கிறது. தெளிந்த நீரில் 40 மீட்டர் ஆழம்வரைகூடத் தரை தெரிந்திருக்கிறது. அந்தப் புள்ளிகளை வைத்துப் படத்தைத் தரப்படுத்தினால் படகே இல்லாமல் ஆழ வரைபடம் வந்துவிடும்.

ஆழமானி:
பவளத்தீவில் வரும். ஆற்று முகத்தில் வராது. கையை நீரில் விட்டால் விரல் தெரியாத இடத்தில் பச்சை லேசருக்கும் தெரியாது. கலங்கல் நீரில் விகித முறை ஆழத்தைத் தராது, கலங்கலைத்தான் ஆழம் என்று தரும். அழகான வண்ண வரைபடமும் வந்துவிடும், அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஐஸ்சாட்-2 புள்ளிகளை எடுத்தாலும் நீருக்குள் ஒளி மெதுவாகப் போவதற்கான திருத்தத்தைச் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆழம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும்.

வான்பார்வை:
இந்த இடத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. மழை இல்லாத மாதங்களில் தெளிந்த நாள் படங்கள் இருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான் என்னால் வாதாட முடியும்.

உப்புக்காற்று:
நான் துறைக்காரன் இல்லை, ஆர்வத்தால் படிப்பவன். கடல் எழும்புகிறது, அதனால் கரை அரிக்கிறது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? கடல்மட்டத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே?

நெய்தல்:
நல்ல கேள்வி. கடல்மட்டத்தை இரண்டு விதமாக அளக்கிறோம், இரண்டும் வெவ்வேறு விடை தரும்.

கரையில் உள்ள ஓதமானி தரையோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். ஸ்டாக்ஹோமில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து பதிவு இருக்கிறது. அங்கே கடல் தாழ்ந்துகொண்டே வருவதாகத்தான் அது காட்டும். பனியுகத்தில் மேலே அமுக்கிக்கொண்டிருந்த பனிப்பாளம் உருகிப் போனதால் நிலம் இன்னமும் எழும்புகிறது. ஜகார்த்தாவில் நேர்மாறு. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் ஆண்டுக்கு 10 செ.மீ.க்கும் மேல் தாழ்ந்த பகுதிகள் அங்கே உண்டு. கடல் ஏறும் வேகம் அதற்கு முன்னால் சிறியது.

உயரமானிச் செயற்கைக்கோள்கள் பூமியின் மையத்தை வைத்து அளப்பதால் நிலத்தின் அசைவு அதில் வராது. அவற்றின்படி 1993 முதல் உலகச் சராசரிக் கடல்மட்டம் ஏறக்குறைய 10 செ.மீ. உயர்ந்திருக்கிறது. வேகமும் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்கிறது. ஆனால் கரையை ஒட்டிய சில கிலோமீட்டரில் ரேடார் எதிரொலியோடு நிலமும் கலந்துவிடும், பழைய தொழில்நுட்பத்தில் அந்தப் பட்டை நம்பத்தக்கதாக இருக்கவில்லை. 2022 இறுதியில் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் அங்கே நிலைமையை மாற்றியிருக்கிறது.

நிலம் தாழ்கிறதா என்று அறிய சென்டினல்-1 ரேடார் படங்களிலிருந்து இன்சார், அதாவது வெவ்வேறு நாள் படங்களை ஒப்பிட்டு அசைவைக் கணக்கிடும் முறை, செய்யலாம், மில்லிமீட்டர் அளவு அசைவும் தெரியும். மணலில் வேலை செய்யாது, ஒவ்வொரு அலைக்கும் பரப்பு மாறுகிறதே. கரையோரக் கட்டடங்கள், அலைத்தடுப்பின் கற்கள், சாலை இவற்றில் செய்யும். கரைவழி இதைச் செய்து பார்க்கலாம், செலவில்லை.

வண்டல்மண்:
உப்புக்காற்று கேட்டதற்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். கடல் இவ்வளவு ஏறினால் கரை இவ்வளவு பின்வாங்கும் என்று சொல்லும் ப்ரூன் விதி 1962-இல் வந்தது. மணல் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது என்ற அனுமானத்தில் நிற்பது அது. இந்தக் கரையில் ஒரு முனையில் ஆறு மணல் தருகிறது, மறுமுனையில் தடுப்பு மணலை மறிக்கிறது. அனுமானம் முதல் அடியிலேயே உடைந்துவிட்டது. 2020-இல் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் உலக மணல் கரைகளில் பாதி காணாமல்போகலாம் என்று ஓர் ஆய்வு வந்ததும், அதே ஆண்டில் கரையியலாளர்கள் பலர் சேர்ந்து மறுத்ததும் இதனால்தான். பின்னால் இடம் இருந்தால் கரை மெல்ல உள்ளே நகர்ந்து உயிர்வாழும். பின்னால் சுவர் கட்டியிருந்தால்தான் அது மாட்டிக்கொள்ளும். கடல்மட்ட உயர்வு உண்மை, கவலைக்குரியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட கரையில் இருபது ஆண்டில் நடந்ததற்கு அதைக் காரணமாக எழுதும் முன் மணல் வரவுசெலவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அணை, மணல் அள்ளுதல், தடுப்பு எல்லாம் மனிதர்கள் எடுத்த முடிவுகள். கடல் ஏறியதால் போனது என்று எழுதிவிட்டால் அந்த முடிவுகளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கரைவழி:
இந்தக் கோணம் எனக்குப் புதிது. நாற்பது ஆண்டுக்கு முன்னால் போக வேண்டும் என்றால் கோர், அதாவது குழாயில் மண் அடுக்குகளை அப்படியே, எடுக்க வேண்டும் அல்லவா? ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை வைத்துச் செய்யும் காலக்கணிப்புக்கு ஆய்வகம் ஒன்றிடம் கேட்டிருக்கிறேன்.

வண்டல்மண்:
மணலில் கேட்டிருந்தால் நிறுத்துங்கள். ஈயம்-210 சேற்றுத்துகளில்தான் ஒட்டும். அதன் அரைவாழ்வு ஏறக்குறைய 22 ஆண்டு, நூறு, நூற்றைம்பது ஆண்டுவரை பேசும். ஆனால் அமைதியாக, அடுக்கடுக்காகச் சேறு படியும் இடம் வேண்டும். முகத்துவாரத்துக்குப் பின்னால் காயலோ சதுப்போ இருந்தால் அங்கே எடுங்கள். சீசியம்-137-ஐயும் சேர்த்துப் பாருங்கள். அணுகுண்டுச் சோதனைகளின் உச்சம் 1963-இல் ஒரு முகடாகப் பதிந்திருக்கும், ஈயம் சொல்வதைச் சரிபார்க்க அது உதவும்.

மணலுக்கு ஓஎஸ்எல் என்ற ஒளிவழிக் காலக்கணிப்பு. ஒரு குவார்ட்ஸ் மணி கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று அது சொல்லும். வெளிச்சம் புகாத குழாயில் எடுத்து, மங்கிய சிவப்பு விளக்கில்தான் திறக்க வேண்டும். களத்தில் ஒரு நொடி வெயில் பட்டாலும் அந்த மாதிரி வீண். கரைக்குப் பின்னால் பழைய மணல்மேட்டு வரிசைகள் இருந்தால், ஒவ்வொன்றின் வயதும் கரை எப்போது எங்கே நின்றது என்று சொல்லிவிடும்.

இந்த முறைகளின் அருமை தாய்லாந்தின் ப்ரா தோங் தீவில் தெரிந்தது. 2004 ஆழிப்பேரலை அங்கே மணல் விரிப்பொன்றைப் போட்டுவிட்டுப் போனது. மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்வான சதுப்பில் தோண்டினால், கரிய மண்ணுக்குக் கீழே அதேபோன்ற இன்னொரு மணல் விரிப்பு. 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2008-இல் வெளியிட்டார்கள். அந்தக் கடலில் அப்படி ஒன்று முன்பும் வந்திருக்கிறது. எழுத்தில் எங்கும் இல்லாத அந்தச் செய்தி மண்ணில் இருந்தது. முன்பே யாராவது தோண்டியிருந்தால் என்று நினைக்காமல் என்னால் அந்தக் கட்டுரையைப் படிக்க முடிவதில்லை.

நெய்தல்:
கோர் எடுக்கும் முன் தரைக்குள் பார்க்கும் ராடாரை ஓட்டிப் பாருங்கள், மணல்மேடுகளின் உள்ளடுக்குகள் அழகாகத் தெரியும். கவனம், உப்புநீர் வந்த ஆழத்தோடு சிக்னல் செத்துவிடும். அங்கே மின்தடை அளவீடுதான் கைகொடுக்கும். நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையிலான எல்லையையும் அது காட்டிவிடும். நன்னீர் மட்டம் கடலுக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர்வரை நன்னீர் தாங்கும் என்பது பழைய கணக்கு. கரை தேய்ந்து மேடு போனால் அந்த நன்னீரும் போகும். கரை அரிப்பைப் பற்றிய ஆய்வுகளில் இதைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

உப்புக்காற்று:
ஒரு கரைக்கே இத்தனை என்றால் முழுக் கடலுக்கும் வரைபடம் இருக்கிறதா?

ஆழமானி:
இல்லை. 2017-இல் சீபெட் 2030 திட்டம் தொடங்கியபோது நேரடியாக அளந்தது வெறும் 6 விழுக்காடு. 2025 நடுவில் 27 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. மீதிக்கு நாம் பார்க்கும் நீல வரைபடங்கள் பெரும்பாலும் செயற்கைக்கோள் ஈர்ப்பு அளவீட்டிலிருந்து ஊகித்தவை. கடலடி மலை தன் ஈர்ப்பால் நீரை இழுத்துக்கொள்வதால் மேலே கடற்பரப்பு ஓரிரு மீட்டர் புடைத்து நிற்கும், அதை வைத்துக் கணக்கிடுவது. பெரிய மலை தெரியும், சின்னது தெரியாது.

அளந்து வைப்பதன் பயனுக்கு ஹங்கா டோங்கா நல்ல எடுத்துக்காட்டு. 2022 ஜனவரியில் அந்தக் கடலடி எரிமலை வெடித்தது. சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மல்டிபீம் ஓட்டியிருந்தார்கள். வெடிப்புக்குப்பின் மீண்டும் அளந்தபோது, சுமார் 150 மீட்டர் ஆழமாக இருந்த எரிவாய்க் குழி 850 மீட்டராகியிருந்தது. முன்பு அளந்தது கையில் இருந்ததால்தான் எவ்வளவு பாறை போனது என்று கணக்கிட முடிந்தது. கரைவழி, உங்கள் கரைக்கும் இதேதான். அடுத்த புயலுக்கு முன் ஒரு முழு அளவீடு முடித்துவிடுங்கள்.

கரைவழி:
அனைவருக்கும் மிக்க நன்றி. இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். முதலில் பெஞ்ச்மார்க், டேட்டம். கூடவே லாண்ட்சாட் போக்கு. அதைப் பார்த்துக் குறுக்குவெட்டுகள், மாதம் ஒருமுறை. ட்ரோன் மாதந்தோறும் வேண்டாம், பருவம் மாறும்போதும் புயலுக்குப் பின்னும். படகு கிடைத்தால் அதே கோடுகளை நீருக்குள் நீட்டுவது. காயலில் ஒரு கோர். ஓஎஸ்எல்லுக்கு வழி இருந்தால் பார்ப்பது. இன்சார் தனியாக. எதையாவது விட வேண்டும் என்றால் எதை விடலாம்?

வண்டல்மண்:
ஓஎஸ்எல்லை விடலாம், ட்ரோனையும் குறைக்கலாம். மாதக் குறுக்குவெட்டை மட்டும் விடாதீர்கள். முகத்துவாரத்தில் எவ்வளவு மணல் அள்ளினார்கள் என்ற பதிவையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் மணல் கணக்கில் மிகப் பெரிய எண் அதுவாகவே இருக்கக்கூடும்.

கரைவழி:
கேட்கிறேன். ஓதமானிப் பதிவுக்குத் துறைமுகத்துக்கு நாளைக்கே கடிதம் எழுதப் போகிறேன்.

பெஞ்ச்மார்க்:
எழுதும்போது பதிவை மட்டும் கேட்காதீர்கள். ஓதமானியின் பூஜ்யம் எந்தப் பெஞ்ச்மார்க்குக்கு எவ்வளவு கீழே, எந்த ஆண்டுகளில் கருவியை மாற்றினார்கள் அல்லது இடம் பெயர்த்தார்கள், நேரம் உள்ளூர் நேரமா கிரீன்விச் நேரமா, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் நேரில் போய், ஓதமானிக் குறியீட்டின்மேலேயே உங்கள் ஜிபிஎஸ்ஸைச் சில மணி நேரம் வைத்து எடுத்துவிடுங்கள். அனுமதி கிடைக்கத் தாமதமானால் இங்கே எழுதுங்கள், வேறு வழி பார்க்கலாம்.